தொண்டை நீலமா, ஆரஞ்சா

கலர் மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. செங்கல் நிறத்தை யாராவது சிவப்பு என்று சொன்னால் வரும். ஸ்ப்ரே கன்னைக் கழுவாமல் மாட்டினால் வரும். வந்த வேகத்தில் போயும்விடும். ஆனால் அன்றைக்கு அவருடைய மச்சினன் பட்டறை ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும், "மாமா, உங்களுக்குக் கண்ணு போயிடுச்சா?" என்று கேட்டபோது வந்த கோபம் வேறு ரகம். அது வெளியே போகாமல் வயிற்றுக்குள் இறங்கிக் குடக்கூலி இல்லாமல் குடியேறிவிட்டது.

சமையல்காரனிடம் போய் நாக்கு செத்துப்போச்சா என்று கேட்கலாமா? நிறம் கலக்கிறவனிடம் கண் போச்சா என்று கேட்பதும் அதுதான்.

மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் தங்கவில்லை. கரும்பலகை கறுப்பில்லை, பச்சை கலந்த கறுப்பு என்று வாத்தியாரைத் திருத்தப் போய் முதுகில் வாங்கியதுதான் அவருக்கு மறக்காத பாடம். அதற்குப் பிறகு எல்லாம் பெயிண்ட் டப்பாதான். உப்புக்காகிதம் தேய்த்து, பட்டி பூசி, கன் பிடித்து, கடைசியில் கலக்கும் மேசைக்கு வந்தார். அந்த மேசை பட்டறையின் பின்பக்கம், வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம் இருந்தது. பக்கத்தில் பெயிண்ட் அலமாரி. அலமாரியின் சாவி எப்போதும் அவர் இடுப்பில். முதலாளியே ஒரு டப்பா வேண்டுமென்றால் மாஸ்டரிடம் கையை நீட்ட வேண்டும்.

அடிபட்டு வந்த வண்டிக்கு அதன் பழைய நிறத்தையே திரும்பக் கொண்டுவருவது அவர் வேலை. எந்தக் கதவு புதிதாக அடித்தது என்று வண்டிக்காரனே மறந்துபோக வேண்டும். அப்படி அடிப்பார். அந்த வேலையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. வண்டிக்காரர்கள் போனை நீட்டி, "இந்தப் படத்துல இருக்கிற கலர்தான்" என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"போட்டோ புளுகும்யா. பெட்ரோல் மூடியைக் கழட்டிக் கொண்டா. அதுக்கு உள்பக்கம் வெயில் பட்டிருக்காது. அதுதான் உண்மையைச் சொல்லும்."

இந்தச் சட்டம்தான் அவரைக் கவிழ்த்தது. ஆனால் அதற்கு முன்னால் பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பட்டறைக்குப் பின்னால் வண்டி கழுவும் இடம். குழாய் எப்போதும் சொட்டும், ஈரத்துக்குக் கொசுவும் ஈயும் மொய்க்கும். சுவரோரம் ஒரு நிழல் மரம். மரத்தடியில் வளைந்துபோன ஒரு பழைய பம்பர் சாய்ந்து கிடக்கும். அதன் நுனியில் ஒரு குருவி வந்து உட்கார ஆரம்பித்தது. முதுகு நல்ல நீலம், நெற்றியிலும் தோளிலும் கூடுதல் பளபளப்பு. தாடையிலிருந்து நெஞ்சு வரைக்கும் ஆரஞ்சு. அதற்குக் கீழே வயிறு வெள்ளை. ஆரஞ்சும் வெள்ளையும் சேரும் இடத்தில் டேப் ஒட்டி அடித்த மாதிரி சுத்தமான கோடு. மாஸ்டர் முதலில் மயங்கியது அந்தக் கோட்டில்தான். துளிகூடப் பிசிறில்லை.

கூட ஒரு பெட்டையும் வரும். அதே நிறங்கள்தான், ஆனால் வருஷக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டி மாதிரி கொஞ்சம் வெளுத்திருக்கும்.

"பொம்பளைக்கு ஒரு கோட் கம்மியா அடிச்சு அனுப்பிட்டான் பாரு" என்றார் டிங்கர். தகரம் தட்டி நெளிவெடுக்கும் டிங்கரும் மாஸ்டரும் ஒரே காலத்தில் பட்டறைக்கு வந்தவர்கள். சண்டை போடாமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. "ஆனா மாஸ்டர், இது மீன்கொத்திதானே?"

"மீன் எங்கய்யா இருக்கு இங்க? தின்னர் டப்பாவுலயா?"

"நீலமும் ஆரஞ்சும் இருந்தா மீன்கொத்திதான்."

"அப்ப காக்கி போட்டவன் எல்லாம் போலீசா? மூக்கைப் பாருய்யா. மீன்கொத்திக்கு ஸ்க்ரூ டிரைவர் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், மண்டைக்குப் பொருந்தாம. இதுக்குக் குட்டையா, தட்டையா இருக்கு. மூக்கோரம் பூனை மாதிரி மீசை வேற. உக்காருற தினுசைப் பாரு, முதுகு நிமிந்து. எழும்பிப் பறந்து காத்துலயே ஈயைக் கவ்விட்டு, திரும்பி அதே இடத்துல வந்து உக்காருது. மீன்கொத்தி தலைகீழாத் தண்ணியில விழும். இது என்னைக்காவது தொட்டியில விழுந்துச்சா?"

"அப்ப இது சூப்பர்வைசர்" என்றார் டிங்கர். "நிமிந்து உக்காந்து சுத்திப் பாக்குது. ஏதாவது கிடைச்சா மட்டும் எழுந்திருக்குது. உடனே நாற்காலிக்கு வந்துடுது."

அன்றிலிருந்து பறவைக்குப் பட்டறையில் சூப்பர்வைசர் என்றே பெயர்.

உண்மையான பெயரைச் சொன்னவன் மச்சினன். மாஸ்டர் மனைவியின் தம்பி. வேன் வைத்திருக்கிறான். மலையடிவாரத்தில் மூங்கில் அடர்ந்த ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே பறவை பார்க்க வருகிறவர்களை ஏற்றி இறக்குவது அவன் பிழைப்பு. மாஸ்டர் ஒருநாள் போனில் அடையாளம் சொன்னதும், "நீல முதுகு, ஆரஞ்சு நெஞ்சு, ஈ பிடிக்குதா? அது ஈப்பிடிப்பான் மாமா. எங்க பள்ளத்துலயும் இருக்கே. அதைப் பாக்கத்தானே ஜனம் வருது" என்றான். அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த இடத்திலேயே இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிறகு வேனுக்குப் புது பெயிண்ட் அடிக்கக் கொண்டுவந்தான். பக்கவாட்டில் பெரிதாக ஈப்பிடிப்பான் படம் வேண்டும் என்று ஒரு போட்டோவையும் கொடுத்தான். யாரோ பயணி எடுத்தது. மூங்கில் நிழலில் பறவை. மாஸ்டர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். எல்லாம் சரி, தொண்டை மட்டும் கருநீலமாக இருந்தது. ஆரஞ்சு அதற்குக் கீழேதான் ஆரம்பித்தது.

"மூக்கு நிழல் தொண்டையில விழுந்திருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "இந்தப் படம் எடுத்தவனை எல்லாம் நிறுத்தி வச்சுக் கேக்கணும்." பின்பக்கம் போனார். பம்பர் நுனியில் சூப்பர்வைசர் தலையைத் தூக்கி உட்கார்ந்திருந்தது. தொண்டை பளிச்சென்று ஆரஞ்சு. பெட்ரோல் மூடியே கண்ணெதிரில் இருக்கும்போது போட்டோ எதற்கு?

அடித்தார். எப்படி அடித்தார் என்று இன்றைக்கும் டிங்கர் சொல்வார். இறகு இறகாக, நீலத்துக்குள் இன்னொரு நீலம் ஓட, கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் வைத்து, ஆரஞ்சுக்கும் வெள்ளைக்கும் நடுவே அந்தக் கோட்டை இழுத்து. இறக்கையைத் தட்டிக்கொண்டு வேனை விட்டுப் பறந்துவிடும்போல இருந்தது.

மச்சினன் வந்ததும் மூடியிருந்த காகிதத்தைச் சர்ரென்று உரித்தார்கள். ஆட்கள் கை தட்டினார்கள். மச்சினன் மட்டும் தட்டவில்லை.

"என்ன மாமா இது? தொண்டை ஆரஞ்சா இருக்கு?"

"ஆரஞ்சுதான்."

"நீலம் மாமா! எங்க பறவைக்குத் தொண்டை நீலம். படத்துல தெளிவா இருக்கே. அதை வச்சுத்தான் வர்றவங்க எல்லாம் அடையாளமே சொல்றாங்க. இதோட போய் நின்னா, வேனைப் பாத்தே சிரிப்பாங்க. உங்களுக்குக் கண்ணு போயிடுச்சா?"

"யாருக்குடா கண்ணு போச்சு? என் கண்ணால நான் பாத்தேன்டா, தினமும் பாக்கறேன். உன் போட்டோ புளுகுது!"

"நான் மட்டும் பாக்கலையா? நானும் தினமும்தான் பாக்கறேன்!"

"ஸ்டீயரிங்கைப் பாக்குறவன் நீ. நிறத்தைப் பத்தி எனக்குச் சொல்ல வராதே!"

சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். கொஞ்ச நாளைக்கு முன்தான் ஒரு சாம்பல் நிறக் காரின் கதவு நிறம் மற்ற பக்கத்தோடு ஒட்டவில்லை என்று ஒருவர் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார். அந்தக் காரின் மற்ற பக்கமெல்லாம் வெளுத்துப்போயிருந்தது, கதவுதான் சரியாக இருந்தது. மாஸ்டர் அதைத் தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொன்னார். முதலாளி தலையை ஆட்டினாரே தவிர, மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். இப்போது அது இறுகிவிட்டது. போட்டோவைப் பார்த்தார், வேனைப் பார்த்தார். மாஸ்டரைத் தனியாக அழைத்துப் போனார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். வயசாகுதுல்ல, எல்லாருக்கும் வர்றதுதான். கண்ணாடிக் கடையில ஒருதடவை காட்டிடுங்க. அதுவரைக்கும் பட்டி தேய்க்கிற பக்கம் கொஞ்சம் பாத்துக்கோங்க. அலமாரிச் சாவியை இப்படிக் குடுங்க."

மாஸ்டர் சாவியை அவிழ்த்து முதலாளி கையில் வைக்கவில்லை. மேசைமேல் வைத்தார். கையில் கொடுத்தால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டாமல் ஆணியையே அடிப்பதுபோல மாட்டினார்.

"கண்ணாடிக் கடையில போய்க் காட்டணுமாம்! அவன் எழுத்தைக் காட்டுவான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து. நிறத்தைக் காட்டுவானா? எல்லாம் உன் தம்பி பண்ண வேலை. நாலு பேர் முன்னால கண்ணு போச்சான்னு கேக்கறான். நாக்கு அழுகாதா?"

"என் தம்பி நாக்கு அழுகறது இருக்கட்டும்" என்றாள் மனைவி, துணியை மடித்துக்கொண்டே. "நீங்க வந்ததுல இருந்து ஏன் ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு அந்த நீல வாளியை முறைச்சிட்டு நிக்கிறீங்க?"

மாஸ்டர் வாளிக்கு முதுகைக் காட்டி நின்றார். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தது.

விஷயம் அதுதான். ஊரைப் பார்த்துச் சத்தம் போட்டாலும், உள்ளே பயம் நுழைந்துவிட்டது. வலது கண்ணால் பார்த்தால் வாளி ஒரு நீலம், இடது கண்ணால் பார்த்தால் சற்றே மங்கிய நீலமோ என்று ஒரு சந்தேகம். இருக்கிறதா, இல்லை பயந்த மனம் காட்டுகிறதா? அவருக்கே தெரியவில்லை. கண் போய்விட்டால் அந்தச் சாவி திரும்ப வராது. உப்புக்காகிதத்தோடு தொடங்கியவர் உப்புக்காகிதத்தோடே முடிய வேண்டியதுதான்.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள் அவள்.

"கண்ணாடிக் கடைக்கா? செத்தாலும்..."

"பள்ளத்துக்குங்க. அந்தப் பறவையைப் போய்ப் பாருங்க. தொண்டை ஆரஞ்சா இருந்தா, என் தம்பி காதைப் பிடிச்சுத் தரதரன்னு உங்க முதலாளிகிட்ட நானே இழுத்துட்டு வர்றேன்."

"நீலமா இருந்தா?"

"இருந்தா அப்ப பாத்துக்கலாம். ஒத்தக் கண்ணை மூடிக்கிட்டு என் வாளியை மட்டும் முறைக்காதீங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பஸ் பிடித்துப் போய் இறங்கினார்கள். மச்சினன் நிறுத்தத்தில் காத்திருந்தான். மாஸ்டர் அவனிடம் பேசவில்லை. "உன் தம்பிகிட்ட வழி எதுன்னு கேளு" என்றார் மனைவியிடம். அவன் அரை அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான். "அக்கா, மாமாகிட்ட சொல்லு, இந்தப் பக்கம்னு" என்றான். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி வேலை பார்த்துக்கொண்டே அவள் பள்ளத்தில் இறங்கினாள்.

கீழே ஈரமும் மூங்கில் நிழலும். ஓடை என்று சொல்ல முடியாத ஒரு தண்ணீர்க் கோடு. மச்சினன் கையைக் காட்டிப் பேசாமல் இருக்கச் சொன்னான். சற்று நேரத்தில் சாய்ந்த ஒரு மூங்கில்மேல் பறவை வந்து உட்கார்ந்தது. அதே அளவு. அதே நிமிர்ந்த முதுகு. எழும்பிப் பறந்து எதையோ கவ்விக்கொண்டு, அதே இடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்தது.

"சூப்பர்வைசர்" என்றார் மாஸ்டர், தன்னை மீறி.

தொண்டை கருநீலமாகத் தெரிந்தது.

"பாத்தீங்களா?" என்றான் மச்சினன்.

"நிழல்டா. மூங்கில் நிழல்."

"ஏங்க..." என்றாள் மனைவி.

"சும்மா இரு. வண்டிப் பேனலை ஒரு பக்கம் நின்னு பாத்து எவனாவது நிறம் சொல்லுவானா?"

நிறம் ஒட்டியிருக்கிறதா என்று வண்டியை எப்படிச் சோதிப்பாரோ அப்படியே சோதித்தார். நேரே நின்று பார்த்தார். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தார். சேற்றில் முட்டி போட்டுக் குனிந்து, கீழிருந்து மேலாகப் பார்த்தார். வலது கண்ணை மூடிப் பார்த்தார், இடது கண்ணை மூடிப் பார்த்தார்.

பறவை மூங்கிலிலிருந்து தாவி வெயில் விழுந்த ஒரு கல்மேல் உட்கார்ந்து, தலையைத் தூக்கிப் பாடியது. வெயில் நேரே தொண்டையில். அங்கே நிழலுக்கு இடமே இல்லை. மோவாயிலிருந்து நீலம், முதுகைவிட ஒரு பிடி கறுப்பு கூடிய நீலம். நீலம் நின்ற பிறகே ஆரஞ்சு. அதற்குக் கீழே வெள்ளை. இரண்டு கண்ணாலும் பார்த்தார். இரண்டிலும் ஒரே நீலம். ஒரு சொட்டுக் கூடவோ குறையவோ இல்லை.

முட்டியில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த மஞ்சள் இலைக்குப் பின்னால ஒண்ணு இருக்கு பாருங்க" என்றார் மெதுவாக.

மச்சினன் கண்ணைச் சுருக்கினான். "எங்க?"

"கிளை ரெண்டாப் பிரியற இடத்துல. பழுப்பு. நெஞ்சுல மட்டும் லேசா ஆரஞ்சு ஓடுது."

"அட, ஆமா! அதுதான் மாமா இதோட பெட்டை. இலை நிறத்துலயே இருக்கும். நானே பல நாள் கோட்டை விட்டுடுவேன்."

"பெட்டையா? இது பழுப்புடா! எங்க பட்டறைப் பெட்டை வெளுத்த நீலம்." சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றார். கோபம் முகத்தில் ஏறியதை மனைவி பார்த்தாள். ஆனால் இந்தக் கோபம் பழைய ரகம், வந்த வேகத்தில் வெளியே போகிற ரகம். "ரெண்டு பறவைடா! ஆணும் வேற, பெட்டையும் வேற. பட்டறையில இருக்கிறதும் இதுவும் தனித்தனி ஜாதி! ஈப்பிடிப்பான்ல இப்படி ரெண்டு வகை இருக்குன்னு ஒருத்தனாவது சொன்னானா? போன்ல கேட்டப்ப, 'தொண்டை என்ன நிறம் மாமா'ன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"நீங்க சொன்னீங்களா?"

"நீ கேக்கணும்டா!"

"எனக்கு என்ன தெரியும் மாமா? எங்க பள்ளத்துல இது ஒண்ணுதான். தொண்டை ஆரஞ்சாவும் ஒண்ணு இருக்கும்னு நான் கண்டேனா?"

"எனக்கு மட்டும் தெரியுமா?"

இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசத் தொடங்கிவிட்டதால் அக்காவுக்குத் தபால்காரி வேலை போனது. அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை மாஸ்டர் நேராக முதலாளியின் அறைக்குப் போனார். போகிற வழியெல்லாம் ஒரே சிக்கல். கண்ணில் கோளாறு இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், தொண்டை நீலம் என்று படத்தில் நன்றாகவே தெரிந்தது, தெரிந்தே மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். கண் போனவன் என்றால் ஊர் பரிதாபப்படும். தெரிந்தே மாற்றினேன் என்றால் திட்டும். பஸ்ஸில் வந்தபோது இரண்டையும் எடை போட்டுப் பார்த்தார். பரிதாபத்தை நினைத்தாலே உடம்பு கூசியது.

"என் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல முதலாளி" என்றார். "படத்துல தொண்டை நீலம்னு எனக்குத் தெரிஞ்சுது. நல்லாவே தெரிஞ்சுது. போட்டோ புளுகுதுன்னு நானாத்தான் மாத்தினேன். அது வேற பறவை. என் தப்பு. சாவியைக் குடுங்க."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார்.

"கண்ணு போயிருந்தா ஒரு கண்ணாடி போட்டுடலாம் மாஸ்டர்" என்றார். "இந்தத் திமிருக்கு என்னத்தைப் போடறது?"

ஆனாலும் மேசை இழுப்பறையைத் திறந்தார். சாவி மாஸ்டர் வைத்த அதே கயிறோடு இருந்தது. "இனிமே மாத்தறதா இருந்தா கேட்டுட்டு மாத்துங்க."

"போட்டோ புளுகத்தான் செய்யும்" என்றார் மாஸ்டர், சாவியை இடுப்பில் முடிந்துகொண்டே. "இது ஒண்ணு தப்பித் தவறி உண்மையைச் சொல்லிடுச்சு."

நீலம் கலக்க நேரம் பிடித்தது. முதுகு நீலத்தில் கொஞ்சம் கறுப்பு, கண்ணுக்குத் தெரியாத அளவு ஊதா. ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார், வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தார், நிழலில் வைத்துப் பார்த்தார். பள்ளத்தில் கண்ட அந்தக் கல்லும் தலை தூக்கிய தொண்டையும் கண்ணுக்குள் இருக்கும்போதே டேப் ஒட்டினார். ஆரஞ்சின் மேல்பக்கத்தை உப்புக்காகிதத்தால் மெல்ல இறக்கி, கன்னை எடுத்தார். மறுபக்கக் கதவில் யாரும் கேட்காமலே ஒரு மூங்கில் கிளையும், மஞ்சள் இலைக்குப் பின்னால் பழுப்பாக ஒரு பெட்டையும் வந்தன.

மச்சினன் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தான். பெட்டையைக் கண்டதும் அக்காவுக்குப் போன் போட்டான். ஆட்கள் இந்தமுறை கை தட்டப் பயந்து, அவன் முகத்தைப் பார்த்தே நின்றார்கள். அவன் தட்டியதும்தான் தட்டினார்கள்.

டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வந்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, கண்ணை இடுக்கி, நிதானமாகப் பார்த்தார்.

"அற்புதம் மாஸ்டர்" என்றார். "அச்சு அசல் மீன்கொத்தி."

மாஸ்டர் கையில் இருந்த தின்னர் துணி பறந்துபோய் டிங்கர் முகத்தில் விழுந்தது. குறி தப்பவில்லை. கண் நன்றாகத்தான் இருந்தது.